'யோசனை' என்று சொல்பவரிடம் என்ன கேட்பது?

கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையில் மாணவி ஒருவரின் ஆய்வுக்காக மனச்சோர்வு வினாக்கொத்தொன்றின் தமிழைச் சரிபார்த்துக் கொடுத்தேன். 'குரொன்பாக் அல்பா 0.7இற்கு மேல் உள்ளது, ஆகவே கருவி நம்பகமானது' என்ற வாக்கியத்தை எங்கு கண்டாலும் அன்றிலிருந்து என் மனம் ஒப்புவதில்லை.

லீ குரொன்பாக் 1951இல் விளக்கிய அந்த அளவு, விடையளிப்போர் எல்லோரையும் சேர்த்துப் பார்க்கையில் ஒரு கருவியின் கேள்விகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்து போகின்றன என்பதை மட்டுமே காட்டும். விரிவுரை மண்டபத்தில் பக்கத்து நண்பர் எட்டிப் பார்க்கிறாரே என்று அஞ்சி எல்லாவற்றுக்கும் 'இல்லவே இல்லை' எனப் புள்ளடியிடும் சிலரின் மௌனம்கூட அந்த இசைவை உயர்த்திவிடக்கூடும்.

நாங்கள் எடுத்துக்கொண்ட பி.எச்.கியூ.-9 என்ற மனச்சோர்வு வினாக்கொத்து, கடந்த 2 வாரங்களைப் பற்றி 9 கேள்விகள் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27 புள்ளிகள். 10 புள்ளிகளோ அதற்கு மேலோ பெற்றவரை மேலும் பரிசோதிக்க வேண்டும் என்பதே பரவலான வழக்கம். பசியின்மையும் அளவுக்கு மீறி உண்பதும் அதில் ஒரே கேள்விக்குள் அடங்கியுள்ளன. ரமழான் மாதத்தில், விடியலுக்கு முந்திய சஹர் உணவுக்கு எழும்பும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் தூக்கத்துக்கும் பசிக்கும் எழுதும் எண்ணில் நோன்பு எவ்வளவு, மனச்சோர்வு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? பரீட்சைக்கு முன்னும் பின்னும் ஒரே படிவத்தைக் கொடுத்துப் புள்ளிகள் மாறுகின்றன என்று கருவியைக் குறைகூறுவதும் தவறு. மாறியது மாணவரின் நிலையாக இருக்கலாம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் தடுத்தது மொழிதான். எங்கள் பக்கத்தில் மனம் நொந்தவர் 'மனச்சோர்வு' என்று சொல்வதில்லை. 'ஒரே யோசனையாக் கிடக்கு', 'நெஞ்சு அடைக்குது' என்றுதான் சொல்வார். மூலத்தைப் பாராத இன்னொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்கு மீள்மொழிபெயர்ப்புச் செய்வது அவசியமே. ஆனால் தமிழாக்கியவரும் மீள்மொழிபெயர்ப்பவரும் படித்தவர்களின் தமிழிலேயே சிந்திப்பவர்கள். ஆகவே சில மாணவர்களுடன் தனித்தனியே அமர்ந்து, 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்ன சொல்கிறது?' என்று கேட்டோம். 'ஆர்வமின்மை' என்பதைப் படிப்பில் அக்கறையின்மை என்றே ஒருவர் விளங்கியிருந்தார். அந்த வரியை மாற்றினோம். இனி, உளமருத்துவர் நேரில் பேசிக் கண்டறிவதோடு இப்புள்ளிகளை ஒப்பிடாமல், 10 என்ற எல்லை எங்கள் மாணவருக்கும் பொருந்தும் என்று எழுத நான் உடன்படமாட்டேன்.

ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்ற எண்ணத்தையும் தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணத்தையும் பற்றியது. அதற்கு 1 அல்லது அதற்கு மேல் எழுதியவரின் படிவம், தரவு உள்ளிடும் நாள்வரை அலுமாரியில் கிடக்கக் கூடாது. அன்றன்று மாலையே அவற்றை வாசிப்பவர் யார், அந்த மாணவரோடு பேசுபவர் யார் என்பதைத் தீர்மானித்த பிறகுதான் முதல் படிவத்தைக் கொடுத்தோம்.