கஞ்சாவை விடுவதற்கு இணையவழிச் சிகிச்சை: நாட்குறிப்பைப் படிக்க ஓர் ஆள் வேண்டும்

ஜெர்மனியில் 2004-லேயே கஞ்சாவை நிறுத்தவோ குறைக்கவோ உதவும் ‘குவிட் த ஷிட்’ என்ற இலவச இணையத் திட்டம் தொடங்கிவிட்டது. பெயர், முகவரி எதுவும் தர வேண்டாம். ஆலோசகரோடு முதலில் சாட்டில் நீண்ட உரையாடல்: எவ்வளவு, எப்போது, எதற்காகப் புகைக்கிறீர்கள், முழுக்க விடுவதா, குறைப்பதா? அதன்பின் தினமும் இணைய நாட்குறிப்பு. வாரம் ஒருமுறை ஆலோசகர் அதைப் படித்து எழுத்தில் பதில் தருவார். தொடக்கத்தில் இது 50 நாள் திட்டம்.

ஆளே இல்லாத திட்டங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ‘ரெட்யூஸ் யுவர் யூஸ்’ ஆறு பாடங்கள் கொண்டது, முழுக்கத் தானாக இயங்குவது. 225 பேரை வைத்து நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வெறும் தகவல் மட்டும் படித்தவர்களைவிட இதைச் செய்தவர்கள் புகைத்த நாட்கள் குறைந்தன. ஆக, தனியாகச் செய்வதிலும் பயன் இருக்கிறது. ஆனால் சுவிட்சர்லாந்தின் ‘கேன்ரெட்யூஸ்’ பற்றி 2015-இல் வெளியான ஆய்வில் 308 பேர் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள்: பாடங்களோடு சாட் ஆலோசனை, பாடங்கள் மட்டும், காத்திருப்புப் பட்டியல் (இன்னும் எதுவும் தரப்படாதவர்கள்). மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது சாட் பிரிவுதான் முன்னே நின்றது. இரண்டும் கிடைக்குமானால் ஆள் இருக்கும் திட்டத்தையே எடுங்கள் என்பேன்.

சேரும் முன், கஞ்சாப் பழக்கம் எவ்வளவு முற்றியது என்று அளக்கும் குடிட்-ஆர் (CUDIT-R) என்ற எட்டுக் கேள்விப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். மொத்தம் 32 மதிப்பெண். 8-ஐத் தொட்டாலே ஆபத்தான பழக்கம். 12-ஐத் தொட்டால் நோயாக இருக்க வாய்ப்புண்டு, மருத்துவரிடம் முறையாகப் பேச வேண்டும்.

இனி நாட்குறிப்பு. பெரும்பாலோர் எழுதுவது, “இன்று ஒன்று.” இதை வைத்து எந்த ஆலோசகராலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “செவ்வாய், இரவு 9.40. பால்கனி, தனியாக. வேலை முடிந்து வந்து இன்னும் சாப்பிடவில்லை. புகையிலை கலந்து ஒன்று சுற்றி, பாதி புகைத்தேன். ஆசை 10-க்கு 8.” நேரம், இடம், கூட யார், அளவு, அதற்கு முன் என்ன நடந்தது, ஆசை எவ்வளவு என்று ஆறு விவரம் வந்துவிட்டது. நாலு செவ்வாய் இதே மாதிரி வந்தால், படிப்பவருக்குப் பசியும் தனிமையும் உடனே கண்ணில் படும். அடுத்த வார இலக்கு “மனதைக் கட்டுப்படுத்து” என்று வராது. “வந்தவுடன் சாப்பிடு, ஒன்பது மணிக்கு நண்பனுக்குப் போன் செய்” என்று வரும். புகைக்காத நாளையும் எழுதுங்கள். ஆசை 7 வந்து எதனால் தணிந்தது என்ற வரிதான் பின்னால் கைகொடுக்கும்.

அன்றன்றே எழுத வேண்டும். ஞாயிறன்று உட்கார்ந்து ஏழு நாளையும் நிரப்பினால் அளவு தானாகவே குறைந்துவிடும், பொய் சொல்லும் எண்ணமே இல்லாவிட்டாலும்.

இந்தத் திட்டங்களின் பெரிய பலவீனம், பாதியில் நின்றுபோகிறவர்கள் அதிகம். ஒருநாள் சறுக்கல், வெட்கம், மறுநாள் பக்கம் காலி. பிறகு உள்ளே நுழையவே கை வராது. சறுக்கிய இரவே ஒரு வரி போட்டுவிடுங்கள். ஆலோசகருக்கு அந்த வரிதான் மிகத் தேவையானது. அவர் திட்டுவதற்கு அங்கே இல்லை.

தினமும் புகைத்தவர் நிறுத்தினால் முதல் ஓரிரு நாளிலேயே எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை தொடங்கும். முதல் வாரத்தில் உச்சம், பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். தூக்கக் கோளாறும் விசித்திரமான கனவுகளும் மட்டும் அதற்கு மேலும் இழுக்கலாம். இது தெரியாதவர்கள், “கஞ்சா இல்லாமல் எனக்குத் தூக்கமே வராது” என்று முடிவுகட்டி ஐந்தாம் நாள் திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொன்று, புகையிலை. ஐரோப்பாவில் பெரும்பாலோர் கலந்துதான் சுற்றுகிறார்கள். கஞ்சாவை நிறுத்தும்போது நிக்கோட்டினும் நின்றுபோகும்; ஆசையில் பாதி அதனுடையதாக இருக்கலாம். சிகரெட்டுக்குத் தாவுவதைவிட, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பேட்ச் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. கஞ்சா அடிமைத்தனத்துக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் எதுவும் இல்லை.

குறைப்பதே இலக்கு என்றால் சிறுநீர்ப் பரிசோதனையை அளவுகோலாக வைக்காதீர்கள். தினமும் புகைத்தவருக்கு நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். புகைக்காத நாட்களையும், அன்றைய முதல் ஜாயிண்ட் (சுற்றிய கஞ்சா) எத்தனை மணிக்கு என்பதையும் எண்ணுங்கள்.

யாருமில்லாமல் குரல் கேட்பது, எல்லோரும் தன்னையே கவனிப்பதாகத் தோன்றுவது, தற்கொலை எண்ணம், சுடுநீரில் குளித்தால் மட்டும் தணியும் விடாத வாந்தி ஆகியவற்றில் எது இருந்தாலும் திரை முன் உட்கார வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே தினமும் மது அல்லது தூக்க மாத்திரை எடுப்பவர்கள் அவற்றைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வை கட்டாயம். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மனஸ் 14416 எண்ணை அழைக்கலாம். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.