க்வாரெலியின் இனிப்புச் சிவப்பு

ஒயின் ரசிகர்கள் பலர் இனிப்புச் சிவப்பு ஒயின் என்றாலே முகம் சுளிப்பார்கள். கிண்ட்ஸ்மராவுலி என்கிற இனிப்புச் சிவப்பு ஒயினை அது பிறக்கும் ஊரிலேயே குடித்துவிட்டு வந்தவன் என்பதால், அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

ஜார்ஜியாவின் கிழக்கே ககேதி பகுதியில் இருக்கிறது க்வாரெலி. தலைநகர் திப்லிசியிலிருந்து கொம்போரி கணவாய் ஏறி இறங்கி, தெலாவியைக் கடந்து, அலசானி ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டும். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி, ர்த்வேலி என்கிற திராட்சை அறுவடைக் காலம். வழியெல்லாம் திராட்சை ஏற்றிய லாரிகள். காகசஸ் மலையிலிருந்து பாயும் துருஜி ஆறு வெள்ளம் வரும்போதெல்லாம் கறுப்புக் கல்லை அடித்துக்கொண்டு வந்து இந்தச் சமவெளியில் கொட்டுகிறது. அந்த மண்ணில் விளையும் சபெராவி திராட்சையில் செய்தால்தான் கிண்ட்ஸ்மராவுலி என்று பெயர் போடலாம். வேறு ஊர்ப் பழத்துக்குச் சட்டம் இடம் தராது.

தோட்டத்தில் ஒரு பழத்தைப் பிய்த்து நசுக்கிப் பார்த்தேன். பெரும்பாலான கருந்திராட்சைகளில் தோலுக்குத்தான் நிறம், உள்ளே சாறு வெளிறியிருக்கும். சபெராவிக்குச் சதையே சிவப்பு. விரலிடுக்கில் ஒழுகிய சாறு நகக்கண்ணில் ஏறியது, சோப்புப் போட்டும் போகவில்லை. வாயில் போட்டால் முதலில் நல்ல இனிப்பு, அப்புறம் நாக்கைக் கூச வைக்கும் புளிப்பு.

அந்தப் புளிப்புதான் இந்த ஒயினைத் திகட்டாமல் காப்பாற்றுகிறது. சர்க்கரை எதுவும் சேர்ப்பதில்லை. சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் பழச்சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும். முழுக்கத் தின்று தீர்ப்பதற்குள் தொட்டியைச் சட்டென்று குளிர வைத்து நிறுத்திவிடுகிறார்கள். லிட்டருக்கு 30 முதல் 50 கிராம் வரை பழத்தின் சொந்தச் சர்க்கரை தங்கிவிடும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் கைப்பக்குவம். நாங்கள் போன பண்ணையில் ஒயின் செய்யும் அம்மா, அந்த நாட்களில் ராத்திரியும் எழுந்து வந்து ருசி பார்ப்பதாகச் சொன்னார். "மெஷின் எண்ணைக் காட்டும். போதுமா என்று நாக்குதான் சொல்லும்" என்றார். மேற்கே ராச்சா மலைப்பகுதியில் இன்னொரு இனிப்புச் சிவப்பு உண்டு, ஹ்வஞ்ச்காரா. அங்கே முன்பெல்லாம் குளிர்காலமே வந்து நொதிப்பை நிறுத்திவிடுமாம்.

கிண்ட்ஸ்மராவுலி இன்று பெரும்பாலும் எஃகுத் தொட்டியில்தான் தயாராகிறது. ஆனால் அந்தப் பண்ணையின் மரானியில், அதாவது ஒயின் அறையில், தரையில் வட்ட வட்டமாக வாய்கள் தெரிந்தன. க்வெவ்ரி! நம் முதுமக்கள் தாழியைப் பெரிதாக்கிக் கழுத்து வரை மண்ணில் புதைத்தது போல இருக்கும். உட்புறம் தேன்மெழுகு பூசியிருப்பார்கள். சாற்றைத் தோல், கொட்டையோடு ஊற்றுவார்கள். கூம்பிய அடியில் கொட்டைகள் போய்ப் படிய, மேலே ஒயின் தெளியும். அடுத்த வருடத்துக்கு முன் செர்ரி மரப்பட்டையில் செய்த தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறார்கள். இந்த முறையை 2013-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. திப்லிசிக்குத் தெற்கே கடாச்ரிலி கோராவில் தோண்டியெடுத்த பானை ஓடுகளில் கி.மு. 6000 வாக்கிலான ஒயின் எச்சம் கிடைத்ததாக 2017-இல் ஆய்வு வந்தது. இந்த மண்ணில் திராட்சை வளர்ப்பவர்களுக்கு எட்டாயிரம் வருடப் பழக்கம்!

2006-இல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. பெரிய சந்தை ஒரே நாளில் மூடியது. 2013 வரை நீடித்த அந்தத் தடைக்காலத்தில் பலர் தரத்தைக் கூட்டி வேறு நாடுகளைத் தேடிப் போனார்கள். இன்றைய கிண்ட்ஸ்மராவுலியின் ருசியில் அந்த உழைப்புக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

போகிறவர்கள் அங்கேயே வாங்குங்கள். லேபிளில் கிண்ட்ஸ்மராவுலி என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் 'இனிப்புச் சிவப்பு' என்று போட்டதை விட்டுவிடுங்கள். லேசாகக் குளிர வைத்து, உப்புத் தூக்கலான ஜார்ஜியக் குடா பாலாடைக்கட்டியோடு குடித்துப் பாருங்கள்.