எந்த நாளில் சாப்பிட மறந்தாய்?

வேளாண்மைப் பட்டம் முடித்த அக்கா மகன் நேற்று மன்னார்குடியிலிருந்து வந்திருந்தான். கையில் இரண்டு வேலைகள்: சென்னையில் வங்கி வேலை, திருவாரூர் பக்கம் விதை நிறுவனத்தில் களப்பணி. "எதில் சேர்வது மாமா?" என்றான்.

எட்கர் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அங்குள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கழகத்தில் மேலாண்மை படித்த 44 பேரை 1960களின் தொடக்கத்தில் பேட்டி கண்டார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் கண்டார். வேலை மாறினாலும் ஒவ்வொருவரும் ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை. சிலருக்குச் சுதந்திரம், சிலருக்கு நிலையான வருமானம், சிலருக்குத் தொழில் திறமை. அதற்கு நங்கூரம் என்று பெயர் வைத்தார். நாகைக்காரர்களுக்கு அது பொருந்தும். எங்களுக்கு மாடு கட்டும் முளை என்றால்தான் புரியும்.

அவனுடைய முளை எது என்று பார்க்க நினைத்தேன். எது பிடிக்கும் என்று கேட்டால் எல்லாம் பிடிக்கும் என்பான். எனவே, "போன வருடம் எந்த நாளில் சாப்பிட மறந்தாய்?" என்று கேட்டேன். கடைமடைக்குத் தண்ணீர் வந்த அன்று தாத்தாவோடு வாய்க்கால் அடைப்பு எடுத்த நாளாம். வயிறு எரிந்த நாள்? பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு கையெழுத்துக்காக மூன்று நாள் காத்திருந்ததாம்.

முளை எங்கே என்று தெரிந்துவிட்டதாக நினைத்தேன். அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டு, "அப்பாவின் நகைக்கடன் இருக்கிறதே மாமா" என்றான். அதை நான் கேட்டிருக்கவே இல்லை. கடனில்லாமல் தூங்குவதும் ஒரு மதிப்புதான். அதில் வெட்கம் என்ன?

வங்கிகளில் வேளாண் கள அலுவலர் பணியும் உண்டு என்றேன். பஸ் ஏறும்வரை அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தான்.