எல்.கே.ஜி. சேர்க்கைக்கு முன் எடுக்க வேண்டியிருந்த காது பரிசோதனை

என் மகளுக்கு மூன்றரை வயது ஆனபோது, கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கு எல்.கே.ஜி. சேர்க்கைக்காக அழைத்துப் போனேன். ஆசிரியை ஒரு வண்ண அட்டையை எடுத்து, அதைப் பார்த்தபடியே "இது என்ன கலர்?" என்று கேட்டார். மகள் அட்டையைப் பார்க்கவில்லை. ஆசிரியையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டு, "பேச்சு சரியாக வந்த பிறகு அடுத்த வருடம் கூட்டி வாருங்கள்" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குழந்தை ஏன் வாயைப் பார்க்கிறாள் என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் அன்று யோசிக்கவில்லை.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். "அவள் அப்பனும் நான்கு வயதில்தான் வாயைத் திறந்தான், தானாக வரும்" என்றார் அத்தை. இரண்டு மொழி காதில் விழுவதால் குழந்தை குழம்பிப் போயிருக்கிறாள் என்றார்கள் மற்றவர்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலெல்லாம் மகள் பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டியிடம்தான் இருப்பாள். அவரை 'ஹெத்தெ' என்றுதான் கூப்பிடுவாள். அங்கே படுகு, எங்கள் வீட்டில் தமிழ். இனி அந்த வீட்டுக்கு அனுப்ப வேண்டாம் என்று நான் ஏறக்குறைய முடிவே செய்திருந்தேன். பெற்ற பிள்ளையைப் போல் பார்த்துக்கொண்டவரிடமிருந்து அவளைப் பிரிக்கப் பார்த்தேனே என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

வழி காட்டியவர் எங்கள் அங்கன்வாடி டீச்சர். குழந்தைகளின் பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைக் கண்டறிய 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் ஒன்று இருக்கிறது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை இதில் பார்க்கிறார்கள். இதன் மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வரும். அந்தக் குழுவின் மருத்துவர் மகளைப் பார்த்துவிட்டு, மாவட்ட இடையீட்டு சேவை மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மறு வாரமே கட்டபெட்டு வழியாக ஊட்டிக்கு பஸ் ஏறினோம். அங்கே கட்டணம் எதுவும் கிடையாது. காத்திருப்புதான் நீளம். மாற்று உடையும் சாப்பாடும் கையில் இருக்கட்டும்.

பேச்சுப் பயிற்சியாளர் பாயை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். முதல் அரை மணி நேரம் என்னிடம்தான் கேள்விகள். பிறந்தவுடன் அழுதாளா? மஞ்சள் காமாலை இருந்ததா? முதல் சொல் எப்போது வந்தது? சளி எத்தனை தடவை பிடிக்கும்? டிவி சத்தத்தைக் கூட்டச் சொல்வாளா? இந்தக் கடைசிக் கேள்விகளில்தான் எனக்குள் ஏதோ அசைந்தது. மலைப்பாதையில் மேட்டுப்பாளையம் இறங்கும்போதெல்லாம், குஞ்சப்பனை என்ற ஊரை நெருங்கினாலே காதைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று சொன்னேன். வாந்தி வருகிறது போல என்று நாங்கள் எலுமிச்சம்பழத்தைத்தான் மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தோம்.

பிறகு மகளோடு விளையாடினார். "பந்தை எடுத்து நாற்காலிக்கு அடியில் வை" என்றார். முகத்தைப் பார்த்துச் சொன்னால் செய்தாள், முதுகுக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னால் திரும்பவே இல்லை. 'ரயில்' என்பதை 'லயில்' என்றாள். ர, ற, ழ எல்லாம் தாமதமாகத்தான் வரும், இந்த வயதில் அது கவலையில்லை என்றார். ஆனால் 'சட்டை'யை 'அட்டை' என்றும் 'சோறு' என்பதை 'ஓறு' என்றும் சொன்னதைக் குறித்துக்கொண்டார். சொல்லின் முதல் ஒலியையே விட்டுவிடுவதைக் கவனிக்க வேண்டுமாம்.

இரண்டு வயதில் குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேச வேண்டும். மூன்று வயதில் மூன்று சொல் வாக்கியம் வர வேண்டும், பேசுவதில் முக்கால்வாசி வெளியாட்களுக்கும் புரிய வேண்டும். மகளின் பேச்சு வெளியாட்களுக்குப் பாதிகூடப் புரியாது. ஒரு வாரம் அவள் சொல்லும் சொற்களை எல்லாம் எழுதி வரச் சொன்னார். படுகுச் சொற்களையும் எழுத வேண்டுமா என்று தயங்கிக் கேட்டேன். "கட்டாயம். எந்த மொழியில் சொன்னாலும் அது குழந்தையின் சொல்தான். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது" என்றார். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் என் கையெழுத்தில் 'பால்', எதிர்ப் பக்கம் ஹெத்தெ சொல்ல அவர் பேத்தி எழுதிய 'ஹாலு'. இரண்டையும் சேர்த்தால் நான் நினைத்ததைவிட இரு மடங்கு சொற்கள் என் மகளிடம் இருந்தன.

அடுத்த முறை காது பரிசோதனை. ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரமணியை வாளியில் போடச் சொன்னார்கள். முதலில் டக் டக்கென்று போட்டாள். சத்தத்தைக் குறைக்கக் குறைக்க, மணியைக் கன்னத்தோரம் பிடித்தபடி, கண்ணைச் சிமிட்டாமல் காத்திருந்தாள். சத்தம் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது என்று பின்னால் சொன்னார்கள். வாளியில் மணி விழவில்லை. அந்த நேரத்தில் நான் அடக்கி வைத்த அழுகை எனக்குத்தான் தெரியும்.

இரண்டு காதிலும் சுமார் 30 டெசிபல் அளவுக்கு லேசான குறைபாடு இருந்தது. செவிப்பறையின் அசைவைப் பார்க்கும் இன்னொரு சோதனையும் செய்தார்கள். அதன் வரைபடத்தில் கோடு ஒரு குன்று போல எழ வேண்டும். மகளுடையது தட்டையாகக் கிடந்தது. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார் காது மூக்கு தொண்டை மருத்துவர். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சிறு குழந்தைகளுக்குக் குறுகலாக இருக்கும். சளியில் அது அடைத்துக்கொள்ளும். மலையிறங்கும்போது வலித்ததற்கும் அந்தக் குழாய்தான் காரணமாக இருக்கும் என்றார். பெரும்பாலான குழந்தைகளுக்கு மூன்று மாதத்தில் நீர் தானாக வடிந்துவிடும். வடியாவிட்டால் செவிப்பறையில் சிறு குழாய் வைக்க வேண்டியிருக்கலாம். அதுவரை காத்திருந்து மறுபடி சோதிப்போம் என்றார்.

அந்த மூன்று மாதம் நாங்கள் செய்தவை எளியவை. டிவியை அணைத்துவிட்டுப் பேசினோம். அவள் உயரத்துக்குக் குனிந்து, முகம் தெரியப் பேசினோம். 'அட்டை' என்றால் திருத்தாமல், "ஆமாம், சிவப்புச் சட்டை" என்று சேர்த்துச் சொன்னோம். ஹெத்தெயும் படுகில் அப்படியே செய்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊட்டியில் பயிற்சி.

பள்ளிக்குத் தயாரா என்று பயிற்சியாளர் பார்த்த விதத்தை எல்லாப் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறேன். ஏபிசிடி கேட்கவே இல்லை. தண்ணீர் வேண்டும், சிறுநீர் வருகிறது என்று எப்படியாவது தெரிவிக்கிறாளா? என்னை விட்டு இன்னொருவருடன் இருப்பாளா? பத்து நிமிடம் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து விளையாடுவாளா? சொன்ன இரண்டு வேலையை வரிசையாகச் செய்வாளா? எல்லாவற்றிலும் தேறினாள். 'பள்ளியில் சேரலாம், முதல் வரிசையில் உட்கார வைக்கவும்' என்று எழுதித் தந்தார்.

மறு சோதனையில் இடது காதின் கோடு குன்றாக எழுந்துவிட்டது. வலது காதில் இன்னும் கொஞ்சம் நீர் இருக்கிறது. ஜூனில் வேறொரு பள்ளியில் சேர்த்தோம். அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்த ஆசிரியை, மகள் முன் மண்டியிட்டு, "உன் பேர் என்ன கண்ணு?" என்று கேட்டார். மகள் அவர் முகத்தைப் பார்த்துப் பெயரைச் சொன்னாள். வலது காதுக்கு அடுத்த பரிசோதனை ஆகஸ்டில். ஹெத்தெயும் கூட வருகிறேன் என்றிருக்கிறார்.