புகை அடங்கிய பிறகுதான் பயம்

குன்னூரில் கேஸ் அடுப்பு சர்வீஸ் வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் கேட்பது ஒன்றுதான்: "தம்பி, எங்கேயாவது லீக் ஆகுதா பாருங்க." சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துச் சொல்வேன். ஆரஞ்சு டியூபில் தேதியைப் பார்த்து, 5 வருஷம் தாண்டியிருந்தால் மாற்றச் சொல்வேன். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூட வேண்டும், சுவிட்சைத் தொடக்கூடாது, 1906க்கு போன் செய்ய வேண்டும் என்பதெல்லாம் இப்போது பெரும்பாலான வீடுகளில் தெரிந்திருக்கிறது. நல்ல விஷயம்.

ஆனால் கார்பன் மோனாக்சைடு என்கிற விஷவாயுவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. சமையல் கேஸ் நாறுவதற்குக் காரணம் அதில் கலக்கும் எத்தில் மெர்காப்டன். கேஸ் எரியும்போது அந்த நாற்றமும் சேர்ந்து எரிந்துவிடும். காற்றுப் பற்றாமல் அரைகுறையாக எரிந்தால் உண்டாகிற கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூக்கை நம்பி இருப்பவர்களுக்கு அது வந்ததே தெரியாது.

அடுப்பே சில சமயம் சொல்லிக் காட்டும். பாத்திரத்தின் அடியில் கரி பிடிக்குது, மட்டமான சிலிண்டர் போட்டுவிட்டார்கள் என்று ஒரு அம்மா கோபமாக இருந்தார். பற்ற வைத்தால் தீ நீலமாக இல்லை, மஞ்சளாக நீண்டு ஆடியது. பர்னரைக் கழற்றினேன். காற்றும் கேஸும் கலக்கிற குழாய்க்குள் சிலந்தி வலை, அதன் மேல் பொங்கிக் காய்ந்த பால். போதாததற்கு, அடைப்பு எடுக்கிறேன் என்று யாரோ கேஸ் வெளிவரும் ஜெட்டில் தையல் ஊசியை விட்டுக் குத்தி ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தார்கள். கேஸ் அதிகம், காற்று குறைவு. குழாயைச் சுத்தம் செய்து ஜெட்டை மாற்றியதும் தீ நீலமாக அடங்கியது. சுத்தமான பர்னர், திறந்த ஜன்னல், இந்த இரண்டும் இருந்தால் சமையலறையில் பெரிய கவலை இல்லை.

எங்கள் ஊரில் அந்த ஜன்னல்தான் பிரச்சினை. மார்கழி பிறந்தால் வென்டிலேட்டரில் அட்டையைச் செருகிவிடுவார்கள். குளிர் தாங்காமல் கும்முட்டியில் கரியைப் போட்டுப் படுக்கிற அறைக்குள் கொண்டுபோகிறவர்களும் உண்டு. "புகையெல்லாம் அடங்கிடுச்சு, இனிமே உள்ளே வைக்கலாம்" என்பார்கள். புகையில்லாமல் சிவந்து கனிகிற கரிதான் கார்பன் மோனாக்சைடை அள்ளி விடும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சுற்றுலா வந்தவர்கள் அறைக்குள் கரி மூட்டித் தூங்கி, காலையில் எழாமல் போன செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

கேஸ் கீசர் அதைவிட மோசம், ஏனென்றால் அதை யாரும் அடுப்பாகவே நினைப்பதில்லை. ஒரு வீட்டில் அடுப்பு பார்க்கப் போனபோது, மகள் தலைக்குக் குளித்தாலே தலைவலி, வாந்தி, மயக்கம் என்று அவள் அம்மா பேச்சுவாக்கில் சொன்னார். ரத்தசோகை என்று மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. எனக்குத் திக்கென்றது. குளியலறையைக் காட்டச் சொன்னேன். ஒரு ஆள் நிற்கிற இடம், சுவரில் கேஸ் கீசர், மேலே இருந்த ஒரே வென்டிலேட்டரில் பிளாஸ்டிக் ஷீட் அடித்திருந்தது. கீசரின் உறை முழுக்கக் கரி. கேஸ் லைனை அங்கேயே மூடினேன். "இத்தனை வருஷமா இதிலேதானே குளிக்கிறோம்?" என்றார் அவள் அப்பா. ஷீட் எப்போது அடித்தீர்கள் என்று கேட்டேன். இந்தக் குளிருக்குத்தான் என்றார். அப்புறம் அவர் பேசவில்லை.

அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் கீசர் விஷயத்தைச் சொல்லச் சொன்னேன். விரலில் மாட்டுகிற கிளிப் ஆக்சிஜன் சரியாக இருப்பதாகத்தான் காட்டுமாம். ரத்தத்தில் ஒட்டியிருப்பது ஆக்சிஜனா கார்பன் மோனாக்சைடா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது, தனி ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் விளக்கியிருக்கிறார். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினில் இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். கீசரை வெளிச்சுவருக்கு மாற்றி, குழாயில் வெந்நீர் மட்டும் உள்ளே வருகிற மாதிரி செய்தோம். பெண்ணின் தலைவலி போய்விட்டது.

இப்போது சிலர் அக்கறையாக கேஸ் டிடெக்டர் வாங்கி மாட்டுகிறார்கள். அது எல்பிஜி, அதாவது சமையல் கேஸ் கசிவுக்கு மட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம் என்பதால் அதைத் தரைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கார்பன் மோனாக்சைடு காற்றோடு காற்றாகக் கலந்து அறை முழுக்கப் பரவும். அதற்கு அலாரம் வேறு. கடையில் அந்தப் பேரைச் சொல்லியே கேட்டு வாங்கி, எரிகிற பொருள் இருக்கிற இடத்துக்கு மட்டுமல்லாமல் தூங்குகிற அறைக்கும் ஒன்று மாட்டுங்கள்.