பேய்க்கு வழி விடும் ஊர்

ஜப்பானின் யோனாகோ ரயில் நிலையத்தில் பூஜ்யம் என்று எண்ணிட்ட நடைமேடை ஒன்று இருக்கிறது. ஜப்பானிய மொழியில் பூஜ்யத்தை 'ரெய்' என்றும் சொல்வார்கள். ஆவிக்கும் அதே 'ரெய்'தான். சகாய்மினாதோ என்ற துறைமுக ஊருக்குப் போகிற ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது. தோத்தோரி மாகாணத்தின் இந்த மூலைக்கு நான் வந்ததே அந்த ரயிலில் ஏறத்தான்.

பெட்டியின் வெளிப்புறம் முழுக்க, கித்தாரோ என்ற யோகாய்ச் சிறுவனின் படக்கதைகளில் வரும் யோகாய்கள். 18 கி.மீ. தூரம், முக்கால் மணி நேரம். வழியில் உள்ள 16 நிலையங்களுக்கும் ஆளுக்கொரு யோகாயின் பெயரைப் பட்டப்பெயராக வைத்திருக்கிறார்கள். யோகாய் என்றால் பேய் என்று சொல்லிவிடலாம், ஆனால் நம் பேய் மாதிரி இல்லை. குளியலறை அழுக்கை நக்க வருகிற ஒன்று, தூங்குகிறவரின் தலையணையைப் புரட்டிப் போடுகிற ஒன்று, இருட்டில் ஆற்றோரம் உட்கார்ந்து பயறு கழுவுகிற ஒன்று. காரணம் தெரியாத ஒவ்வொரு சத்தத்துக்கும் யாரோ ஒரு முகம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த முகங்களில் பலவற்றை இன்றைய ஜப்பானியர்களுக்கு வரைந்து காட்டியவர், கித்தாரோவைப் படைத்த மிசுகி ஷிகெரு. 1922இல் பிறந்தவர், வளர்ந்தது சகாய்மினாதோவில். சிறுவயதில் நோன்னோன்பா என்று அவர் அழைத்த ஒரு பாட்டிதான் இந்தக் கதைகளையெல்லாம் சொன்னாராம். இரண்டாம் உலகப் போரில், இன்றைய பாப்புவா நியூ கினியிலுள்ள ரபவுலுக்குச் சிப்பாயாக அனுப்பப்பட்டு, குண்டுவீச்சில் இடது கையை இழந்தார். மிச்சமிருந்த வலது கையால்தான் இத்தனையும் வரைந்தார். 2015இல், 93 வயதில் இறக்கும்போது நாடே அறிந்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர். அவ்வளவு சாவைப் பார்த்துவிட்டு வந்த மனிதர், பயமுறுத்துவதை விடச் சிரிக்க வைக்கும் பேய்களையே அதிகம் வரைந்தார் என்பதை நினைத்து ரயிலில் வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சகாய்மினாதோ நிலையத்தை விட்டு இறங்கியதுமே அவர் பெயரிலுள்ள தெரு தொடங்கிவிடுகிறது. நண்டுக்குப் பேர்போன மீன்பிடி ஊர் இது. கடைத்தெருவுக்குக் கூட்டம் குறைந்துகொண்டே வந்த காலத்தில், 1993இல், 23 வெண்கலச் சிலைகளை வைத்தார்கள். இப்போது 170க்கும் மேல். தெருவின் நீளம் சுமார் 800 மீட்டர்தான். எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போய்விட்டது. பெரும்பாலும் சின்னச் சிலைகள், குனிந்துதான் பார்க்க வேண்டும். தெருவிளக்கு கண் விழி வடிவில் இருக்கிறது, டாக்ஸியின் தலையிலும் ஒரு கண். கித்தாரோவின் அப்பா வெறும் கண் விழியாக மட்டுமே மிஞ்சியவர், தேநீர்க் கிண்ணத்தில் குளிப்பவர். யோகாய்க்கென்றே கட்டிய ஒரு கோயிலில், தண்ணீரில் உருளும் கல் விழியாகவும் அவர் இருக்கிறார். கையில் சிறு புத்தகத்தோடு கடை கடையாக ஏறி ரப்பர் முத்திரை பதித்துக்கொண்டிருந்தவர்களில் குழந்தைகளைவிடப் பாட்டிகள்தான் அதிகம்.

உருண்டை உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு, இரண்டு கால், வேறொன்றும் இல்லை. அந்தச் சிலைக்கு முன்னால் நான் நின்றபோது பக்கத்துக் கடை அம்மா வெளியே வந்து, கைபேசியில் மொழிபெயர்த்தும் நடித்துக் காட்டியும் விளக்கினார். இது பெத்தோபெத்தோ சான். இரவில் தனியாகப் போகிறவருக்குப் பின்னால் காலடிச் சத்தமாக மட்டும் வரும். ஒன்றும் செய்யாது. ஓரமாக ஒதுங்கி, 'நீங்கள் முன்னால் போங்கள்' என்று சொன்னால் போதும், போய்விடும். விரட்டவோ மந்திரிக்கவோ வேண்டாம், வழி விட்டால் சரி!

இரவில் அதே தெருவில் தரை மேல் யோகாய்களின் நிழல்களை விளக்கொளியில் விழச் செய்கிறார்கள். கடைகள் மூடிவிட்டன, துறைமுகத்திலிருந்து காற்று. நிழல்களை மிதிக்காமல் நடந்து வந்தேன். விடுதிக்குத் திரும்பும் சந்தில் பின்னால் ஏதோ டப் டப் என்று கேட்டது. திரும்பிப் பார்த்தேன், யாரும் இல்லை. சுவரோரமாக ஒதுங்கி நின்று, "பெத்தோபெத்தோ சான், நீங்க முன்னால போங்க" என்று தமிழிலேயே சொன்னேன். கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் நடந்தேன்.