4:12 என்று அடித்த வினை

ஹெனிஸ் 2-428 என்ற கிரக நெபுலாவின் (வயதான நட்சத்திரம் உதறிவிட்ட வாயு மேகம்) நடுவில் ஒரு நட்சத்திர ஜோடி 4.2 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. ஒவ்வொன்றும் சுமார் 0.88 சூரிய நிறை, சேர்த்தால் 1.76, சுமார் 70 கோடி ஆண்டில் இரண்டும் இணைந்து 1ஏ வகை சூப்பர்நோவாவாக (வெள்ளைக் குள்ளன் எனும் செத்த நட்சத்திரம் வெடித்துச் சிதறுவது) வெடிக்கலாம் என்று 2015-ல் நேச்சர் இதழில் வந்தது. அந்த 70 கோடியை எக்செல்லில் நானே வரவழைத்துப் பார்க்கலாமே என்று உட்கார்ந்தேன்.

கணக்கு பயமுறுத்தும் ரகமில்லை. ஈர்ப்பு அலைகள் ஆற்றலைக் கொண்டுபோகப் போக, சுற்றுப்பாதை சுருங்கும். சுற்றுக்காலத்தை மணியில் எடுத்து 8/3 அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அதை மொத்த நிறையின் கனமூலத்தால் பெருக்கி, இரு நிறைகளின் பெருக்கலால் வகுத்து, ஒரு கோடியால் பெருக்கினால் தோராயமாக ஆண்டுக்கணக்கு வந்துவிடும்.

எனக்கு வந்தது ஒன்றரை லட்சம் ஆண்டு! சூத்திரத்தை மூன்று முறை சரிபார்த்தேன். கடைசியில் பார்த்தால், சுற்றுக்காலத்தை 4:12 என்று அடித்திருக்கிறேன். எக்செல் அதைக் கடிகார நேரமாக எடுத்துக்கொண்டு, உள்ளே நாளின் பின்னமாக, 0.175 என்று வைத்திருக்கிறது. 4.2 என்று மாற்றினேன், கிட்டத்தட்ட 72 கோடி. அப்பாடா. இரண்டு நட்சத்திரங்களுக்கும் இடைத்தூரம் 11 லட்சம் கி.மீ. வந்தது. நிலா நம்மிடமிருந்து இருக்கும் தூரத்தைப் போல மூன்று மடங்குகூட இல்லை. அதற்குள் இரண்டு நட்சத்திரங்கள்!

மொத்த நிறை 1.4-ஐத் தாண்டினால், அதாவது ஒரு வெள்ளைக் குள்ளன் தாங்கக்கூடிய அதிகபட்ச நிறையான சந்திரசேகர் வரம்பைத் தாண்டினால், செல் பச்சையாகும்படி வைத்திருந்தேன். பளிச்சென்று பச்சை.

பிறகுதான் 2020-ல் வந்த மறு ஆய்வைப் படித்தேன். நிறையைக் கணிக்க நம்பியிருந்த 5412 ஆங்ஸ்ட்ராம் அலைநீள ஹீலியம் நிறமாலைக் கோட்டில், விண்மீன்களுக்கு இடையிலுள்ள பொருள் ஒளியை விழுங்குவதால் விழும் உட்கவர் பட்டை ஒன்றும் கலந்திருந்ததாம். ஜோடியில் ஒன்று விலகுகிறது, மற்றது நெருங்குகிறது என்று பிரித்துப் படிக்கும்போது அந்தப் பட்டை நடுவில் புகுந்து வேகத்தைக் கூட்டிக் காட்டிவிட்டது. வேகம் கூடினால் நிறையும் கூடும். சுற்றுக்காலத்துக்கு இதில் சேதாரமில்லை, அது ஒளி ஏறி இறங்குவதிலிருந்து வருவது.

புது நிறைகள் 0.66, 0.42. போட்டேன்: இணைய 170 கோடி ஆண்டு, மொத்தம் 1.08. பச்சை போய்விட்டது. மனசு கேட்காமல் பிழை வரம்பின் மேல் நுனிகளையும் போட்டுப் பார்த்தேன். 0.77, 0.49. கூட்டினால் 1.26. ஊஹூம், செல் வெள்ளையாகவே இருக்கிறது.